மச்சானின் பாதி

வேகன் மவுண்ட் ஊரைத் தாண்டியதும் நெடுஞ்சாலை ஓரத்தில் ராய்ஸ் விம்பர்லியின் டிரக் முன்மூடியைத் திறந்துகொண்டு நின்றது. பின்னால் அவனுடைய டிரெய்லர் வீடு, ஒரு ரயில்பெட்டி நீளத்துக்கு, அசையாமல் கிடந்தது. ராய்ஸ் தொப்பியைக் கழற்றி அதனாலேயே தன் டிரக்கை அடித்துக்கொண்டிருந்தான்.

நெல்டா ஹாகின்ஸுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் மற்றவர்கள் நோயாளிகளுக்காகவும் மழைக்காகவும் ஜெபிக்கும்போது, அவள் மூன்று வருஷமாக இவனுக்கு ஒரு கேடு வர வேண்டும் என்றுதான் ஜெபித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சின்னக் கேடாகக் கேட்கவில்லை. ஆனாலும் கிடைத்ததை வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை அவள்.

இருவரும் எரிவாயுக் குழாய் பத்தவைக்கிறவர்கள். கார்ல்ஸ்பாட் பக்கம் வேலை முடிந்துவிட்டது, அடுத்தது வயோமிங்கில். வேலை எங்கே போகிறதோ அங்கே இவர்களும் போக வேண்டும். டிரக்கின் முதுகில் வெல்டிங் மிஷின், சிலிண்டர்கள், சுருட்டி வைத்த கேபிள். டிரக்கின் வாலில் கட்டிலும் அடுப்புமாகக் குடியிருக்கும் வீடு. இந்தத் தொழிலில் எல்லாரும் இப்படித்தான் ஊர் மாறுவார்கள். நெல்டாவின் டிரக்குக்குப் பின்னால் மட்டும் எதுவும் இல்லை, வெறும் கொக்கிதான் இருந்தது. அவளுக்கும் ஒரு டிரெய்லர் இருந்தது. அதை விற்றுத் தின்னும்படி செய்தவன்தான் இப்போது டிரக்கை அடித்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கதை சின்னது. பெரிய குழாய் என்றால் ஒரே இணைப்பில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று ஆளுக்குப் பாதி பத்தவைப்பார்கள். அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மச்சான். பொம்பளையானாலும் குழாயின் மறுபக்கம் நின்றால் மச்சான்தான். வேலை முடிந்ததும் அவரவர் பாதிக்குப் பக்கத்தில் அவரவர் பெயரின் எழுத்துகளைப் பெயின்ட் பேனாவால் எழுதிவிட வேண்டும். பிறகு எக்ஸ்ரே எடுக்கிறவர்கள் வருவார்கள். எந்தப் பாதியில் பழுது தெரிகிறதோ, அங்கே எழுதியிருக்கிற பெயர்தான் பழுதுக்குச் சொந்தம்.

மேற்கு வர்ஜீனியாவில் ஆற்றுக்கு அடியில் போகிற ஒரு குழாய். அதில் ஒரு பழுது வந்தாலும் ஆள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நெல்டா நின்றது ஆற்றுப் பக்கம், ராய்ஸ் நின்றது மலைப் பக்கம். பழுது தெரிந்தது மலைப் பக்கத்தில். ஆனால் அங்கே எழுதியிருந்தது நெல்டாவின் பெயர். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ராய்ஸ் இரண்டு பக்கத்து எழுத்தையும் துடைத்துவிட்டு மாற்றி எழுதியிருந்தான். மேஸ்திரி ஹாய்ட் பர்ச்சமிடம் அவள் தொண்டை கிழியக் கத்தினாள். “எழுத்து உன்னோடதும்மா, நான் என்ன செய்ய?” என்று அவர் கையை விரித்தார். குழாய்க்காரர்கள் வாயில் விழுந்த பேர் காட்டுத்தீயைவிட வேகமாகப் பரவும். அடுத்த இரண்டு வருஷம் அவள் ஓக்லஹோமாவில் மாட்டுப் பட்டிகளுக்குக் கேட் பத்தவைத்தாள். ஆள் பற்றாக்குறை வந்த பிறகுதான் ஹாய்ட் அவளைத் திரும்பக் கூப்பிட்டார்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ராய்ஸ் தன் வாயால், ஹாய்டின் முகத்துக்கு நேரே, அந்தப் பாதி என்னுடையது என்று சொல்ல வேண்டும். மற்றபடி அவன் நாசமாய்ப் போனாலும் சரி, நன்றாய் இருந்தாலும் சரி.

“என்ன மச்சான், கியர் பெட்டி கைய விரிச்சிடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே இறங்கினாள்.

“நக்கல் பண்ண நல்ல நேரம் பாத்த.”

பின்னால் வந்த ஹாய்ட் தன் சின்ன பிக்கப்பை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். தலையை ஆட்டினார். “டிரக்க ஊர்ல இருந்து ஆள் வந்து தூக்கிட்டுப் போகட்டும். வீட்ட இங்க விட்டா நாளைக்கு சக்கரம்கூட மிஞ்சாது. நெல்டா, உன் கொக்கி சும்மாதானம்மா கெடக்கு. நீ இழுத்துக்க.”

“சும்மா கெடக்கல மேஸ்திரி. சும்மா கெடக்க வச்சாங்க.”

ஹாய்ட் அது காதில் விழாத மாதிரி மலையைப் பார்த்தார். “ரோட்டுல நின்னவன விட்டுட்டுப் போறது நம்ம வழக்கமில்ல.”

அந்த வழக்கம் நெல்டாவுக்கும் தெரியும். சண்டைக்காரனாக இருந்தாலும் ரோட்டில் விட்டுப் போகக் கூடாது. சரி என்றாள். சரி என்று சொன்ன பிறகு தன் வேலையைக் காட்டினாள்.

“என் மிஷின் கனத்துக்கே டிரக் பின்னாடி குந்தியிருக்கு. இவன் வண்டி மூக்கையும் அது மேல வச்சா என் முன் சக்கரம் நான் சொன்னபடி கேக்காது. டேய் ராய்ஸ், முன்னாடி என்ன வச்சிருக்க?”

முன்பக்கத்தில் சாய்வு நாற்காலி ஒன்று, மான் கறி நிறைந்த பெரிய ஃப்ரீசர் ஒன்று, சுவர் அளவுக்கு டி.வி. ஒன்று. எல்லாவற்றையும் நடுவுக்கு நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினான். ரொம்பப் பின்னால் போய்விட்டது, வால் ஆடும், கொஞ்சம் முன்னால் கொண்டு வா என்றாள். கொண்டு வந்தான். அதில் பாதி அவசியம், பாதி கொழுப்பு. ராய்ஸ் வேர்த்துக் கொட்டி ஃப்ரீசரைத் தள்ளும்போது அவள் டிரக்கின் பின்கதவில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருந்தாள். அந்த மதியம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ராய்ஸ் அவள் பக்கத்து சீட்டில் ஏறினான். எதுவுமே நடக்காத மாதிரி வயோமிங் காற்றைப் பற்றிப் பேசினான், மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசினான். கெட்டது செய்தவர்களுக்கு ஆண்டவன் மறதியை வாரி வழங்கியிருக்கிறான்.

“மலைப் பக்கம் நின்னது யாரு ராய்ஸ்?” என்றாள் அவள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இன்னும் அதையே புடிச்சிட்டுத் தொங்குறியா? படம் சொல்லுச்சு, எழுத்து சொல்லுச்சு. நான் என்னத்தச் சொல்ல?”

“உன் வாய் சொல்லணும்.”

“என் வாய்க்குப் பசிக்குது. ராட்டன் ஊர்ல நிறுத்து.”

ராட்டன் கணவாய்க்கு அடியில் இருக்கிற பெட்ரோல் பங்கில் நிறுத்தினாள். ராய்ஸும் ஹாய்டும் பச்சை மிளகாய் போட்ட புரிட்டோ வாங்க உள்ளே போனார்கள். நெல்டா கொக்கியைப் பார்க்கக் குனிந்தாள். இழுக்கிறவள் நிறுத்துகிற இடத்திலெல்லாம் பார்க்க வேண்டும், அது பழக்கம். டிரெய்லரின் முன்னால் இரண்டு இரும்புக் கைகள் நீண்டு வந்து முக்கோணமாகச் சேர்ந்து கொக்கியில் முடியும். அந்தக் கைகள் உடம்போடு சேருகிற இடத்தில், வலதிலும் இடதிலும், துரு நிறத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடியிருந்தது. விரிசல்தான். கணவாய் ஏறினால் பாதி மலையில் வீடு வேறு, கொக்கி வேறு ஆகிவிடும்.

அவள் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள். அவர்கள் புரிட்டோவோடு வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

“மேஸ்திரி, ரெண்டு பக்கமும் விரிசல் விட்டிருக்கு. இங்கயே பத்தவச்சுடலாம். மிஷின் என்னோடது. ஆனா நான் ஒரு பக்கம்தான் வைப்பேன். வீடு அவனோடது, இன்னொரு பக்கம் அவன் வைக்கட்டும். மச்சான் மச்சானா செஞ்சு எவ்வளவு நாளாச்சு!”

ராய்ஸ் புரிட்டோவை மெல்லுவதை நிறுத்தினான். “ரெண்டையும் நீயே வச்சுடேன்.”

“ஏன், கை நடுங்குதா?”

ஹாய்ட் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நடுங்குகிறது என்று எந்த வெல்டரும் சொல்ல மாட்டான். “எந்தப் பக்கம்னு நானே சொல்றேன். இடது பக்கம்,” என்றான் ராய்ஸ்.

“நல்லது. மேஸ்திரி, உங்க சட்டைப் பையில பெயின்ட் பேனா இருக்குல்ல? நாங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உங்க கையால ரெண்டு பக்கமும் எழுத்த எழுதிடுங்க. யாராச்சும் தண்ணி குடிக்கப் போனாலும் பரவாயில்ல பாருங்க.”

ராய்ஸின் முகம் சுண்டிப்போனது. ஹாய்ட் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.

விரிசலைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, நெல்டா தன் பக்கத்தை முதலில் வைத்தாள். சரளைக் கல்லில் மல்லாந்து படுத்து, முகமூடியை இறக்கி, அவசரமில்லாமல் வைத்தாள். எழுந்தபோது அவளுக்கே அது பிடித்திருந்தது.

அடுத்தது ராய்ஸ். ஒருவர் பத்தவைக்கும்போது இன்னொருவர் மிஷின் பக்கத்தில் நின்று சூட்டைத் திருப்ப வேண்டும். கீழே இருக்கிறவன் ஒரு விரலை மேலே காட்டினால் கூட்ட வேண்டும், கீழே காட்டினால் குறைக்க வேண்டும். முகமூடிக்குள் இருக்கிறவனுக்கு நெருப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. மிஷினில் இருக்கிற கையை நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை. இப்போது அந்தக் கை நெல்டாவுடையது.

அவளுக்குக் கை அரித்தது. கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் போதும், இரும்பு ஓட்டையாகி உருகிய துளி அவன் கழுத்தில் சொட்டும். அரிப்பை அடக்கிக்கொண்டாள். அவன் மேலே காட்டினால் கூட்டினாள், கீழே காட்டினால் குறைத்தாள், அவன் கேட்டதில் ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஹாய்டைப் பக்கத்திலேயே நிற்கச் சொல்லி, சூட்டைக் காட்டுகிற முள்ளைப் பார்க்கவும் வைத்தாள்.

ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா. “கூட்டிட்டியா? நான் கூட்டச் சொல்லலயே!” என்று அவன் அடியிலிருந்து கத்தினான். “தொடவே இல்லடா,” என்றாள். திரும்பவும் நிறுத்தினான், திரும்பவும் கத்தினான். அவளுடைய இடத்தில் அவன் இருந்திருந்தால் என்ன செய்திருப்பானோ, அதையே அவள் செய்கிறாள் என்று நம்பினான். வெல்டிங் ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டது, பிடுங்கினான், இன்னொன்று மாட்டினான். நல்ல வெல்டிங் சத்தம் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராக இருக்கும். அவனுடையது விட்டு விட்டு இருமியது.

ராய்ஸ் வெளியே வந்து முதுகில் ஒட்டிய சரளையைத் தட்டிவிட்டுக்கொண்டான். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேலே ஒரு பூச்சு அழகாகப் போடத் தெரியாதவன் இல்லை அவன். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். கேட்டுக்கொண்டு நின்ற நெல்டாவுக்கும் தெரியும்.

“என்னோடது நல்லாருக்கு,” என்றாள் நெல்டா.

“உன்னோடது?” என்றார் ஹாய்ட்.

ராய்ஸ் கையுறையைக் கழற்றினான். “நல்லாத்தான் இருக்கு.”

நெல்டா தன் கனத்த சங்கிலி ஒன்றை எடுத்து டிரெய்லரின் அடிவயிற்றுத் தூலத்தில் சுற்றி டிரக்கோடு கட்டினாள். அவள் வஞ்சம் ராய்ஸோடுதான், ரோட்டில் வருகிற குடும்பங்களோடு இல்லை. விளக்கை மின்னவிட்டு ஓரத்துப் பாதையில் மாட்டுவண்டி வேகத்தில் ஏறினாள். ஹாய்ட் பின்னால் வந்து மற்ற வண்டிகளை ஒதுக்கிவிட்டார். கணவாய் செங்குத்தாகிக்கொண்டே போனது. மிஷினும் டிரெய்லரும் சேர்ந்து பின்னுக்கு இழுக்க டிரக் முனகியது.

ராய்ஸ் பக்கக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. “மெதுவா!” என்றான்.

“மெதுவாத்தான் போறேன். உன் பாதி நல்லாத்தானே இருக்கு?”

இன்னொரு பள்ளம் வந்தது. அவன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பின்னால் வருவது அவனுடைய கட்டில், அவனுடைய நாற்காலி, அவனுடைய மான் கறி, அவனுக்கென்று இந்த உலகத்தில் இருக்கிற ஒரே கூரை. நெல்டா மெதுவாக ஒரு பாட்டை முணுமுணுத்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் வண்டி ஓட்டி வெகுகாலம் ஆகியிருந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே எங்கேயோ இரும்பு கீச்சென்றது.

“நிறுத்து! நிறுத்துடி, சொல்றேன்ல! என் பக்கம் சரியில்ல!”

லாரிகள் ஒதுங்குகிற அகலமான இடத்தில் நிறுத்தினாள். ஹாய்ட் ஓடி வந்தார். குனிந்து பார்த்தால் இடது பக்கத்து வெல்டிங் அடியிலிருந்து பிளந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. வலது பக்கம் தனியாக எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நின்றது.

“பத்தவச்சுக் குடு நெல்டா,” என்றான் ராய்ஸ். குரல் கெஞ்சியது. “நீயே வை. நீ வச்சா நிக்கும்.”

“வைக்கிறேன். மேற்கு வர்ஜீனியாவுல மலைப் பக்கம் நின்னது யாருன்னு மேஸ்திரிகிட்ட சொல்லு. சொன்ன அடுத்த நிமிஷம் மிஷின ஓட்டுறேன்.”

லாரிகள் உறுமிக்கொண்டு போயின. ராய்ஸ் தன் வீட்டைப் பார்த்தான், கீழே கிடுகிடு பள்ளத்தைப் பார்த்தான். ஹாய்டைப் பார்க்காமல் சொன்னான்: “நான்தான். மலைப் பக்கம் என்னோடது. எழுத்த நான்தான் மாத்துனேன்.”

நெல்டா இதற்குத்தான் காத்திருந்தாள். மூன்று வருஷம். ஹாய்ட் பக்கம் திரும்பினாள். அவர் முகத்தில் அதிர்ச்சி வரும், கோபம் வரும், ஐயோ உனக்கு அநியாயம் செய்துவிட்டேனே என்பார். ராத்திரி ராத்திரியாக அவள் நினைத்துப் பார்த்து வைத்திருந்த முகம் அது.

ஹாய்ட் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.

“அது தெரிஞ்ச கததானம்மா,” என்றார். “அன்னிக்கே தெரியும். உன் கை எது, இவன் கை எதுன்னு படத்தப் பாத்தாலே தெரியாதா எனக்கு? அப்ப இருந்த பெரிய சூப்பரின்டெண்டுக்கு இவன் அக்கா மகன். நான் என்ன பண்றது? எனக்கும் வீடு வாசல் இருக்கு. அந்த மனுஷன் போன வருஷம் ரிட்டயர் ஆனதும் மொத வேலையா உன்னத்தான் கூப்பிட்டேன். அத நெனச்சுப் பாரு.”

ஒரு உபகாரம் செய்தவரின் குரலில் சொன்னார்.

மாட்டுப் பட்டியில் கேட் பத்தவைத்த அந்த இரண்டு வருஷத்தில், ஒருவேளை என் கைதான் தப்போ, எழுத்து மாறியது என் மனசின் பொய்யோ என்று அவள் தன்னையே சந்தேகப்பட்ட ராத்திரிகள் எத்தனையோ. டிரெய்லரை விற்ற அன்று தன் கையைப் பார்த்துத்தான் அழுதாள். அவளுடைய கையை அவளே சந்தேகித்த அந்தக் காலம் முழுவதும் இந்த இரண்டு பேரும் ஒரு நாள்கூடச் சந்தேகப்படவில்லை. தெரிந்தே இருந்திருக்கிறார்கள். ராய்ஸ் மேல் இருந்த கோபம் இப்போது சின்னதாகப் போய்விட்டது. அவன் எலி. எலியை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தியவர் இவர்.

டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை வைத்தாள். மூக்குக்கு அடியில் ஜாக்கியை இறக்கித் தரையில் ஊன்றினாள். சங்கிலியை அவிழ்த்தாள். கொக்கியை டிரக்கிலிருந்து கழற்றினாள். பிறகு மிஷினை ஓட்டினாள்.

“அதான், நல்ல பொண்ணு,” என்றார் ஹாய்ட்.

நெல்டா வெல்டிங் ராடை எடுக்கவில்லை. கிரைண்டரை எடுத்தாள். இரும்பை அறுக்கிற வட்டத் தகட்டை அதில் மாட்டிக்கொண்டு வலது பக்கத்துக்கு அடியில் போய்ப் படுத்தாள். அவள் பெயர் எழுதியிருந்த பக்கம். பொறி பறந்தது.

ராய்ஸுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. “ஏய்! அது நல்ல பக்கம்! என்ன பண்ற நீ!”

“என் பாதிய நான் எடுத்துக்கிறேன்.”

“மேஸ்திரி, சொல்லுங்களேன்! சொல்லுங்க!”

ஹாய்ட் சொன்னார். கத்திச் சொன்னார். இந்த வேலை போய்விடும் என்றார், எந்த மாநிலத்திலும் ராடு பிடிக்க முடியாமல் செய்துவிடுவேன் என்றார், அப்புறம் குரலைத் தாழ்த்தி மகளே என்றார். கிரைண்டர் சத்தத்தில் அவளுக்குப் பாதிதான் கேட்டது. கணவாய்க்கு அடியில் அவ்வளவு நிதானமாக வைத்த வெல்டிங்கை அதே நிதானத்தோடு கடைசிக் கோடு வரைக்கும் அறுத்து எடுத்தாள். தன் பெயர் எழுதியிருந்த இடத்தையும் தேய்த்து வெறும் இரும்பாக்கினாள். ஜாக்கியின் மேல் மூக்கு லேசாக முனகி உட்கார்ந்தது. இப்போது அந்த வீட்டைக் கொக்கியோடு பிடித்துக்கொண்டிருந்தது ராய்ஸின் பாதி மட்டும்தான்.

கேபிளைச் சுருட்டி மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ஹாய்ட் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். “ரோட்டுல நின்னவன விட்டுட்டுப் போறது நம்ம வழக்கமில்ல நெல்டா.”

“உங்க வழக்கம்தான் மேஸ்திரி. நீங்க என்ன விட்டுட்டுப் போன அன்னிக்குத்தான் நானே கத்துக்கிட்டேன்.”

கையை எடுத்தார். நெல்டா உச்சியைத் தாண்டி டிரினிடாட் பக்கம் இறங்கினாள். டிரக் லேசாக ஓடியது. வயோமிங்கில் இனி அவளுக்கு வேலை இல்லை என்பது தெரியும். அழுகை வந்தது, அழுதாள். அழுதுகொண்டே ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கையில் எந்தப் பழுதும் இருக்கவில்லை.